காசு வாங்காத எட்டாவது ஆள்

ஆடுகளத்தில் சூது – 9

1920 செப்டம்பர் 28 அன்று சிகாகோ கிராண்ட் ஜூரியின் முன் ஒயிட் சாக்ஸ் பிட்சர் எடி சிகாட் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதைச் சென்ற இதழில் பார்த்தோம். 1919 உலகத் தொடரை சின்சினாட்டி ரெட்ஸ் அணிக்கு விட்டுக்கொடுக்க சிகாகோ ஒயிட் சாக்ஸ் ஆட்டக்காரர்கள் சூதாடிகளிடம் விலைபோனார்கள் என்பது அன்று ஊருக்கே தெரிந்துவிட்டது. மொத்தம் எட்டுப் பெயர்கள். அவற்றில் ஏழு பேரைப் பற்றிப் பேசும்போது அவரவர் கைக்கு எவ்வளவு வந்தது, வாங்கிய காசுக்கு எந்த அளவு உழைத்தார்கள் என்ற கேள்விகள்தான் எழும். எட்டாவது ஆளின் கதை வேறு. அவர் ஒரு டாலரும் வாங்கியதாக யாரும் நிரூபிக்கவில்லை. தோற்பதற்காக ஆடியதாகவும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் மற்ற ஏழு பேருக்குக் கிடைத்த அதே தண்டனைதான் அவருக்கும். இந்த வாரம் அவரைப் பற்றி: ஜார்ஜ் டேனியல் வீவர், ஊரார் வாயில் பக் வீவர்.

‘தினம் ஒரு தப்பு’

பென்சில்வேனியா மாநிலத்தில் பாட்ஸ்டவுன் என்ற இரும்பாலை ஊரில் 1890 ஆகஸ்ட் 18 அன்று பிறந்தவர் வீவர். சிற்றூர் அணிகளிலும் பிறகு சான் பிரான்சிஸ்கோவிலும் ஆடிப் பழகி, 1912-இல் ஒயிட் சாக்ஸுக்கு வந்து சேர்ந்தார். கிடைத்த இடம் ஷார்ட்ஸ்டாப். இரண்டாவது தளத்துக்கும் மூன்றாவது தளத்துக்கும் நடுவே நின்று, உள்வட்டத்தில் அதிகம் ஓடித் திரிய வேண்டிய இடம் அது.

தொடக்கம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. முதல் பருவத்தில் பேட்டிங் சராசரி .224. ஃபீல்டிங்கில் 71 பிழைகள். ‘தினம் ஒரு தப்பு வீவர்’ என்றே கேலிப்பெயர் வைத்தார்கள். ஆனால் அந்தப் பிழைகள் சோம்பலால் வந்தவை அல்ல. தனக்கு எட்டாத பந்துக்கும் பாய்ந்து விழுகிறவனுக்குத்தான் பிழைகள் சேரும். நின்ற இடத்திலேயே நிற்பவன் கணக்கு சுத்தமாக இருக்கும். அடுத்த பருவத்துக்குள் அவர் இடக்கையாலும் அடிக்கக் கற்றுக்கொண்டு வந்தார். வலக்கை பிட்சருக்கு ஒரு பக்கம், இடக்கை பிட்சருக்கு மறுபக்கம் என்று மாறி நின்று அடித்ததில் சராசரி .272-க்கு ஏறியது.

1913 அக்டோபரில் ஒயிட் சாக்ஸும் நியூயார்க் ஜயன்ட்ஸும் உலகைச் சுற்றிக் காட்சி ஆட்டங்கள் ஆடக் கிளம்பின. அந்தப் பட்டியலில் வீவரும் இருந்தார். ஜப்பான், சீனா, மணிலா, ஆஸ்திரேலியா என்று போன கப்பல் 1914 ஜனவரியில் கொழும்பில் நின்றது. கிரிக்கெட் வேரூன்றிய அந்த ஊரிலும் ஒரு பேஸ்பால் ஆட்டம் நடந்தது. அங்கிருந்து எகிப்து. ஸ்பிங்க்ஸ் சிலைமுன் ஆட்டக்காரர்கள் எடுத்துக்கொண்ட புகைப்படம் இன்றும் புகழ்பெற்றது. கடைசியாக லண்டனில், மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் முன்னிலையில் ஓர் ஆட்டம். 23 வயதுப் பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆட்டமே வாழ்க்கை, சம்பளம் என்பது கூடுதல் வரவு என்று நினைக்கிற வகை ஆட்டக்காரர் அவர். அவரோடு ஆடியவர்களும் பத்திரிகைக்காரர்களும் சலிக்காமல் சொன்னது அதுதான்: வீவர் எப்போதும் சிரித்த முகம், எப்போதும் வாய் ஓயாத பேச்சு.

மூன்றாவது தளம்

1917-இல் ஸ்வீட் ரிஸ்பெர்க் ஷார்ட்ஸ்டாப்புக்கு வர, வீவர் மூன்றாவது தளத்துக்கு நகர்ந்தார். அவருடைய மேதைமை வெளிப்பட்டது அங்கேதான்.

தேர்ட் பேஸ் என்பது பேட்டரிடமிருந்து 90 அடி. வலக்கைக்காரர் ஓங்கி இழுத்து அடித்தால் பந்து நேராக இவர் நெஞ்சுக்கு வரும். கிரிக்கெட்டில் ஷார்ட் லெக்கில் நிற்பவருக்கு உள்ள அதே கதிதான்: யோசிக்க நேரமில்லை. அதற்காகப் பின்னால் தள்ளி நின்றாலும் ஆபத்து. சாமர்த்தியமான பேட்டர் மட்டையை வீசாமல், பந்தை மெல்லத் தொட்டு முன்னால் உருட்டிவிட்டு முதல் தளத்துக்கு ஓட்டம் பிடிப்பார். பன்ட் என்பது அதன் பெயர். தேர்ட் பேஸ்மேன் முன்னால் பாய்ந்து, குனிந்தபடியே வெறுங்கையால் பந்தைப் பொறுக்கி, நிமிராமலே குறுக்காக முதல் தளத்துக்கு எறிய வேண்டும். மூன்றாம் தளத்திலிருந்து முதல் தளத்துக்கு 127 அடி. ஓடுகிறவர் நான்கு விநாடி சொச்சத்தில் போய்ச் சேர்ந்துவிடுவார்.

அந்தக் காலத்தில் பன்ட் ஆட்டத்துக்கு அரசன் டெட்ராய்ட் அணியின் டை காப். எதிரணியின் தேர்ட் பேஸ்மேனைப் பந்தாடுவதே அவருக்கு வேலை. அவர் பன்ட் செய்யத் துணியாத ஒரே ஆள் வீவர் என்று பேஸ்பால் உலகில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. வீவர் துணிந்து முன்னால் வந்து நிற்பார். அடித்துப் பார் என்பதுபோல் பேட்டரையே பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த 1917-லேயே ஒயிட் சாக்ஸ் உலகத் தொடரை வென்றது. 1919-இல் வீவருக்கு மூன்றாண்டு ஒப்பந்தம், ஆண்டுக்கு 7,250 டாலர்.

இந்தச் சம்பளக் கணக்கை இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். முதலாளி கொமிஸ்கி கஞ்சன், வயிற்றெரிச்சலில்தான் பையன்கள் சோரம் போனார்கள் என்று ஒரு கதை நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. 1988-இல் வந்த ‘எய்ட் மென் அவுட்’ திரைப்படமும் அதையே சொன்னது. பின்னாளில் சம்பளப் பதிவேடுகளைத் தோண்டியவர்கள் கண்டது வேறு: 1919-இல் அமெரிக்கன் லீகில் மிக அதிகம் சம்பளம் கொடுத்த அணிகளில் ஒயிட் சாக்ஸும் ஒன்று. வீவருக்குக் கிடைத்ததும் அவர் இடத்து ஆட்டக்காரர்களில் மேல்தட்டுச் சம்பளம்தான். குறை இருந்தது சம்பளத்தில் அல்ல, பிடியில். ஓர் அணியோடு கையெழுத்திட்டால் அந்த அணி விடும்வரை வேறெங்கும் போக முடியாதபடி ‘ரிசர்வ் கிளாஸ்’ என்ற விதி ஆட்டக்காரரைக் கட்டிப்போட்டிருந்தது. பேரம் பேச வழியில்லாதவன் முதலாளியிடம் போய் எதையும் மனம்விட்டுச் சொல்லமாட்டான்.

உட்கார்ந்து கேட்டவர்

1919 செப்டம்பரில், நியூயார்க் அன்சோனியா ஹோட்டலில் அணித்தோழர் சிக் கேண்டிலின் அறையில் தொடங்கி, ஆட்டக்காரர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். எவ்வளவு கேட்பது, யாரிடம் வாங்குவது, எந்த ஆட்டத்தை விடுவது என்பதே பேச்சு. அந்தக் கூட்டங்களில் வீவரும் உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றிய எல்லா வாதங்களும் இந்த ஒரு புள்ளியில்தான் வந்து முட்டும். அவர் எழுந்து போயிருக்கலாம். மேலாளர் கிட் கிளீசனிடம் சொல்லியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. அதேபோல், திட்டத்தில் சேரவும் இல்லை.

அக்டோபர் 1 அன்று சின்சினாட்டியில் முதல் ஆட்டம். சிகாட் தன் இரண்டாவது பந்தை ரெட்ஸ் பேட்டர் மாரி ராத்தின் முதுகில் எறிந்தார். ஏற்பாடு உறுதி என்று சூதாடிகளுக்குப் போன சைகை அது. மூன்றாவது தளத்தில் நின்ற வீவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அந்த ஆட்டம் 9–1 என்று போனது. எட்டு ஆட்டங்களில் ஐந்தை வென்று ரெட்ஸ் கோப்பையைத் தூக்கியது. அந்த எட்டு ஆட்டங்களில் வீவர் 34 முறை மட்டை பிடித்து 11 ஹிட் அடித்தார். சராசரி .324. நான்கு இரட்டையடி, ஒரு மூன்றடி. ஃபீல்டிங்கில் ஒரு பிழையும் இல்லை.

எண்களை மட்டும் வைத்து ஒருவரை நிரபராதி ஆக்கிவிட முடியாது. 5,000 டாலர் வாங்கிக்கொண்ட அணித்தோழர் ஜோ ஜாக்சனும் அதே தொடரில் .375 அடித்தார். ஆனால் வீவருடைய கணக்கில் எண்களோடு இன்னொன்றும் சேர்கிறது: அவருக்குப் பணம் கொடுத்ததாக அந்தக் கூட்டாளிகளில் ஒருவரும் சொல்லவில்லை.

மேலே இருந்தவர்களுக்கும் தெரியும்

வீவர் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்று குற்றம் சொல்வதற்கு முன், அந்த அக்டோபரில் வேறு யாரெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்று பார்ப்போம்.

தொடர் தொடங்கியதுமே கிளீசனுக்குச் சந்தேகம். அவர் கொமிஸ்கியிடம் சொன்னார். கொமிஸ்கிக்கும் அமெரிக்கன் லீக் தலைவர் பான் ஜான்சனுக்கும் அப்போது பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு காலத்தில் உயிர் நண்பர்கள், அப்போது ஜென்மப் பகையாளிகள். அதனால் கொமிஸ்கி நேஷனல் லீக் தலைவர் ஜான் ஹைட்லரிடம் போனார். ஹைட்லர் ஜான்சனிடம் போனார். தோற்ற நாய் ஊளையிடுகிறது என்ற பொருளில் ஜான்சன் தட்டிக்கழித்துவிட்டதாகப் பேஸ்பால் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. ஆட்டம் நடந்துகொண்டே இருந்தது. நுழைவுச்சீட்டுகள் விற்றுக்கொண்டே இருந்தன.

தொடர் முடிந்தபின் கொமிஸ்கி துப்பறிவாளர்களை வைத்து ஆட்டக்காரர்களை வேவு பார்த்தார். ஆதாரம் கொண்டு வருபவருக்குப் பரிசு என்று பத்திரிகைகளில் அறிவித்தார். சந்தேகத்துக்குரியவர்களின் தொடர்ப் பங்கான 3,254 டாலர் காசோலைகளை நிறுத்தி வைத்தார். பிறகு அவர்களில் பெரும்பாலோரையே 1920-க்கும் ஒப்பந்தம் செய்து ஆட வைத்தார். ஹியூ ஃபுல்லர்ட்டன் என்ற பத்திரிகையாளர் அந்த டிசம்பரில் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் விஷயத்தைப் போட்டு உடைத்தபோது, பேஸ்பால் ஏடுகள் அவரையே எள்ளி நகையாடின.

ஆக, முதலாளிக்குத் தெரியும், மேலாளருக்குத் தெரியும், இரண்டு லீக் தலைவர்களின் காதுக்கும் எட்டியிருக்கிறது. தொடர் நடந்துகொண்டிருந்தபோது கொமிஸ்கி சந்தேகத்தைச் சொன்னதும் மூடிய அறைக்குள்தான். அப்போது ரசிகனிடமோ போலீசிடமோ ஒருவரும் போகவில்லை. தெரிந்தும் சும்மா இருந்தவர்கள் வரிசையில் கடைசி ஆள் வீவர், மாதச் சம்பளக்காரர். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அவர் வாயைத் திறக்காமல் கெட்டவர்.

1920 வீவரின் சிறந்த பருவம். 208 ஹிட், சராசரி .331. கிளீவ்லாண்டோடு பட்டத்துக்குப் போட்டி உச்சத்தில் இருந்தபோதுதான் சிகாட்டின் வாக்குமூலமும் இடைநீக்கமும் வந்தன. கடைசி ஆட்டங்களில் ஒயிட் சாக்ஸ் இரண்டாம் நிலை ஆட்களை வைத்து ஒப்பேற்றி, இரண்டு ஆட்ட இடைவெளியில் பட்டத்தை இழந்தது. வீவருக்கு அப்போது வயது 30. அதன்பின் பெரிய லீக் மைதானத்தில் அவர் கால் வைக்கவே இல்லை. ஒன்பது பருவங்கள், 1,308 ஹிட்டுகளோடு அவர் கணக்கு முடிந்தது.

இரண்டு தீர்ப்புகள்

1921 கோடையில் சிகாகோவில் வழக்கு நடந்தது. தன்னைத் தனியாக விசாரிக்க வேண்டும் என்று வீவர் கேட்டார். மறுக்கப்பட்டது. அரசுத் தரப்புக்கு ஒரு பெரிய சிக்கல்: ஆட்டத்தை வேண்டுமென்றே தோற்பது குற்றம் என்று இல்லினாய் மாநிலத்தில் அப்போது சட்டமே கிடையாது. அதனால் சதி, மோசடி என்ற பிரிவுகளில்தான் வழக்குப் போட முடிந்தது. பொதுமக்களையும் மற்றவர்களையும் ஏமாற்றும் நோக்கம் இருந்தது என்று நிறுவினால்தான் தண்டிக்கலாம், ஆட்டத்தை விட்டுக்கொடுக்கும் நோக்கம் மட்டும் போதாது என்று நீதிபதி ஹியூகோ ஃப்ரெண்ட் ஜூரிக்கு விளக்கினார். வீவருக்கு எதிரான சாட்சியம் மிகவும் மெலிந்தது, ஜூரி தண்டித்தாலும் தான் அதைத் தள்ளிவிடுவேன் என்ற அளவுக்கு அவர் கருத்துத் தெரிவித்ததாகவும் பதிவு உண்டு.

ஆகஸ்ட் 2 அன்று ஜூரி மூன்று மணி நேரத்துக்குள் திரும்பி வந்தது. எல்லோரும் குற்றமற்றவர்கள். நீதிமன்றத்தில் ஒரே கூச்சல், தொப்பிகள் பறந்தன. ஜூரர்கள் ஆட்டக்காரர்களைத் தோளில் தூக்கினார்கள். அன்றிரவு இரு தரப்பும் ஒரே உணவகத்தில் கொண்டாடின.

அந்த மகிழ்ச்சி மறுநாளே கலைந்தது. பேஸ்பாலுக்கு முதல் ஆணையராக அணி முதலாளிகள் நியமித்திருந்த நீதிபதி கெனசா மௌண்டன் லாண்டிஸ், ஜூரியின் முடிவு எதுவானாலும் சரி என்று தொடங்கி ஓர் அறிக்கை விட்டார். அதில் மூன்று வகையினருக்குத் தடை. ஆட்டத்தை விட்டுக்கொடுத்தவர் ஒன்று. விட்டுக்கொடுப்பதாக வாக்குக் கொடுத்தவர் இரண்டு. அப்படித் திட்டமிடும் கூட்டத்தில் உட்கார்ந்திருந்து, அதை உடனே தன் அணிக்குச் சொல்லாதவர் மூன்று. மூன்றாவது வகை ஒரே ஓர் ஆளின் அளவெடுத்துத் தைத்த சட்டை. எட்டுப் பேரில் அது பொருந்துவது வீவருக்கு மட்டும்தான்.

லாண்டிஸின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. சூதாட்டம் பேஸ்பாலை அரித்துக்கொண்டிருந்த காலம் அது. கறுப்பாடுகளை வெளியிலிருந்து பிடிப்பது கடினம். உள்ளேயிருப்பவன் சொன்னால்தான் உண்டு. சொல்லாதவனுக்கும் தண்டனை என்று வந்தால் அடுத்தவன் யோசிப்பான். ஒரு விதியாக அதில் பிழை காண முடியாது. ஆனால் 1919-இல் அந்த விதி எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதப்படாத விதியை ஆட்டக்காரர் மீறினார் என்றால், அதே விதியை முதலாளியும் லீக் தலைவர்களும் மீறவில்லையா என்ற கேள்வி தானாகவே வரும். லாண்டிஸ் அந்தக் கேள்விக்குள் போகவில்லை. அவரை வேலைக்கு வைத்தவர்களே அந்த முதலாளிகள்தாம்.

மனுமேல் மனு

அடுத்த ஆண்டே வீவருக்காக சிகாகோ ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்துத் திரட்டினார்கள். லாண்டிஸ் அசையவில்லை. பாக்கிச் சம்பளத்துக்காகக் கொமிஸ்கிமேல் வீவர் போட்ட வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே பேசி முடிக்கப்பட்டது.

1927 ஜனவரியில் விசித்திரமான ஒரு காட்சி. 1917-இல் டெட்ராய்ட் ஆட்டக்காரர்களுக்கு ஒயிட் சாக்ஸ் பணம் கொடுத்தது என்று ரிஸ்பெர்க்கும் கேண்டிலும் புதிதாகக் கிளப்ப, லாண்டிஸ் தன் சிகாகோ அலுவலகத்தில் பழைய, புதிய ஆட்டக்காரர்கள் பலரைக் கூட்டி விசாரித்தார். சாட்சியாக வந்த வீவர், தன் முறை முடிந்ததும் எல்லோர் முன்னிலையிலும் தன்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டார். எழுதிக் கொடுங்கள், பார்க்கிறேன் என்றார் லாண்டிஸ். எழுதிக் கொடுத்தார். மறுபடியும் இல்லை என்றே பதில் வந்தது. அதே ஜனவரியில், 1919-இல் ஓர் ஆட்டத்தை முன்கூட்டிப் பேசி வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டிருந்த டை காப், டிரிஸ் ஸ்பீக்கர் என்ற இரண்டு பெரும் நட்சத்திரங்களை லாண்டிஸ் விடுவித்தார். சாட்டியவர் நேரில் வந்து சொல்ல மறுத்தது அவர்களுக்குச் சாதகமாயிற்று. வீவருக்கு ஒரு நீதிமன்றத் தீர்ப்பே கையில் இருந்தும் பயனில்லை.

இந்த அமளியின் விளைவாகத்தான் பேஸ்பாலின் புகழ்பெற்ற 21-ஆம் விதி உருவானது. சூதாட்டத்துக்குத் தடை, விட்டுக்கொடுக்கச் சொல்லி யாராவது அணுகினால் உடனே தெரிவிக்கத் தவறுவதும் குற்றம். ஒவ்வோர் அணியின் உடைமாற்றும் அறையிலும் அந்த விதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். 1989-இல் பீட் ரோஸ் என்ற நட்சத்திரம் வெளியேற்றப்பட்டது இதே விதியின் கீழ்தான். வீவருக்கு அது எட்டு ஆண்டு தாமதமாக எழுதப்பட்டது.

வயிற்றுப்பாட்டுக்கு அவர் மைத்துனரோடு மருந்துக்கடை நடத்திப் பார்த்தார். அரிசோனாவின் எல்லையோர ஊரான டக்ளஸிலும், பின்பு சிகாகோவின் அரைத்தொழில்முறை அணிகளிலும் ஆடினார். பெயின்ட் அடிக்கும் வேலைக்கும் போனார். கடைசிக் காலத்தில் குதிரைப் பந்தய மைதானத்தில் பந்தயச் சீட்டு விற்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தார். சூதாடிகளோடு ஓர் அறையில் இருந்ததற்காக ஆட்டத்தை இழந்தவருக்கு, அரசு உரிமம் பெற்ற சூதாட்டத்தில் வேலை கிடைத்தது.

லாண்டிஸ் 1944-இல் இறந்தார். அதன்பிறகும் வீவர் விடவில்லை. 1953-இல் அப்போதைய ஆணையர் ஃபோர்ட் ஃப்ரிக்குக்குக் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். நீதிபதியும் 12 ஜூரர்களும் தன்னைக் குற்றமற்றவன் என்றார்களே, மனிதனுக்கு அதற்கு மேல் என்ன இருக்கிறது என்பதே அதன் சாரம். பயனில்லை. 1956 ஜனவரி 31 அன்று சிகாகோ தெருவொன்றில் மாரடைப்பால் விழுந்து இறந்தார். வயது 65.

எவ்வளவு தண்டனை?

2025 மே மாதம் ஆணையர் ராப் மேன்ஃப்ரெட், இறந்துபோனவர்களுக்கு நிரந்தரத் தடை இனிப் பொருந்தாது என்று அறிவித்தார். பீட் ரோஸ், ஜோ ஜாக்சன் பெயர்கள் தலைப்பில் வந்தன. அதே பட்டியலில் வீவரும் இருந்தார். காசு வாங்கியவர்களோடு சேர்த்துத் தண்டிக்கப்பட்டவர், அவர்களோடு சேர்த்தே விடுவிக்கவும் பட்டார். தனி விசாரணை வேண்டும் என்று 1921-இல் அவர் கேட்டது கடைசிவரை கிடைக்கவில்லை.

நம் வாசகர்களுக்கு நன்றாகத் தெரிந்த கிரிக்கெட்டோடு இதை ஒப்பிடலாம். வீவர் ஆடிய அந்தத் தொடருக்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, 2019 அக்டோபரில், சூதாட்டத் தரகர் அணுகியதைத் தெரிவிக்கவில்லை என்பதற்காக வங்கதேசத்தின் ஷாகிப் அல் ஹசனை ஐ.சி.சி. தண்டித்தது. இரண்டாண்டுத் தடை, அதில் ஓராண்டு நிறுத்திவைப்பு. அடுத்த ஆண்டே அவர் ஆடத் திரும்பினார். விட்டுக்கொடுப்பவனுக்கு ஒரு தண்டனை, கேட்டுவிட்டுச் சும்மா இருந்தவனுக்கு அதைவிடக் குறைந்த தண்டனை என்று அங்கே ஓர் அளவுகோல் இருக்கிறது. லாண்டிஸிடம் அந்த அளவுகோல் இல்லை. சொல்லாமல் இருப்பது தவறு என்று அவர் சொன்னது சரி. அந்தத் தவறை ஒரு சம்பளக்காரரிடம் மட்டும் வசூலித்ததும், ஆயுள் முழுக்க வசூலித்ததும்தான் கணக்கில் உதைக்கிறது.

அப்படி இரக்கமில்லாமல் கணக்குப் பார்த்த அந்த நீதிபதி யார், அவரிடம் முதலாளிகள் இவ்வளவு அதிகாரத்தை ஏன் எழுதிக் கொடுத்தார்கள்? அடுத்த இதழில் லாண்டிஸ்.

(தொடரும்)